கோதுமை தந்த பாடம்

பல்லடம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அன்று பண்ணையில் குஞ்சு இறங்கும் நாளாகிவிட்டதால் எழுதி முடிக்க முடியவில்லை. உன் மகளுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி பரவாயில்லை.

என்சைம், அதாவது செரிக்க உதவும் நொதி, போட்டால் கோழித் தீவனச் செலவு குறையுமா என்று கேட்டிருந்தாய். போன பேட்சில் நான் பட்டதைச் சொல்கிறேன். மக்காச்சோளம் விலை ஏறியதால், அதில் ஒரு பங்கைக் குறைத்துக் கோதுமை சேர்த்தேன். என்சைம் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவது வாரமே எச்சம் பசைபோல் ஆனது. குஞ்சைக் கையில் எடுத்தால் பின்பக்கத்து மயிரில் காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீர்க் குழாயின் கீழே, தரையில் கூளமாக விரித்த தென்னை நார்க்கழிவு வறட்டியாக இறுகிவிட்டது. காலையில் படுதாவைத் தூக்கினால் அம்மோனியா நெடியில் கண் எரியும். சில கோழிகளுக்குப் பாதத்தில் கறுப்புப் புண். அவை நொண்டியதைப் பார்த்து எனக்கு இரவில் தூக்கமே வரவில்லை.

கோதுமையில் அராபினோசைலான் என்றொரு நார்ப்பொருள் இருக்கிறது. அது குடலுக்குள் கரைந்து கஞ்சிபோலக் கெட்டியாகி, மற்ற சத்துகளும் செரிக்காமல் தடுக்கிறது. அதை உடைக்கும் நொதி கோழிக்குக் கிடையாது. சைலனேஸ் என்ற என்சைம் அந்த வேலையைச் செய்கிறது. பார்லிக்கு பீட்டா குளுக்கனேஸ் வேண்டும். மக்காச்சோளத்தில் இந்தப் பசை மிகக் குறைவு. அதனால் வெறும் மக்காச்சோளம், சோயாத் தீவனத்தில் சைலனேஸால் பெரிய பலனை எதிர்பார்க்காதே. எந்தத் தானியம் போடுகிறாய் என்பதைக் கேட்காமலே என்சைம் விற்க வருபவரிடம் வாங்காதே.

ஃபைட்டேஸ் என்ற என்சைமின் கதை வேறு. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற சேர்மத்தில் சிக்கிக்கிடக்கிறது. அதை விடுவிப்பதுதான் ஃபைட்டேஸின் வேலை. ஃபைட்டேஸ் இல்லையென்றால் அதில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே போய்விடும். எருவில் சேர்ந்த பாஸ்பரஸ் நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்று திணறிய நெதர்லாந்தில்தான் ஃபைட்டேஸ் 1991இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் சேர்த்து, பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) உப்பை டன்னுக்கு ஐந்து கிலோ குறைத்திருக்கிறேன். காலில் வலு குறையவில்லை. மாப்பிள்ளை, லாபம் அந்தக் குறைப்பில்தான் இருக்கிறது. பழைய கலவையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே என்சைமைத் தூவினால் செலவுதான் கூடும். சுண்ணாம்பையும் அளவோடு போடு. கால்சியம் மிஞ்சினால் ஃபைட்டேஸ் சரியாக வேலை செய்யாது.

கலக்கும்போது கவனம். டன்னுக்குச் சில நூறு கிராம்தான் என்பதால் நேரே மிக்சரில் கொட்டாதே. ஐந்து கிலோ மக்காச்சோள மாவில் முதலில் கையால் நன்றாகப் புரட்டிவிட்டுப் பிறகு சேர். குச்சித் தீவனம் அடிப்பதாக இருந்தால் நீராவிச் சூட்டைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்கு. 80 டிகிரிக்கு மேல் போனால் சாதாரண என்சைம் செத்துவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை எந்த என்சைமும் தேற்றாது. அதைக் கழித்துவிடு.

இந்த பேட்சிலும் கோதுமை இருக்கிறது, சைலனேஸோடு. இன்று 19ஆம் நாள். காலையில் கூளத்தை அள்ளிப் பிடித்தேன். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் வந்து நீயே பார். வரும்போது உன் தீவனக் கணக்கு நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்