கேட்டுக்கொண்டு போனதைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வெளிநாட்டு ஆய்வுத் திட்டங்களை நடத்தும் பேராசிரியர்களுக்கும், அவற்றில் பலவற்றுக்குப் பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்திலிருந்து நிதி கொடுக்கும் இஎஸ்ஆர்சி என்கிற பொருளாதார, சமூக ஆய்வு மன்றத்துக்கும் வணக்கம்.

எனக்குப் பண்ருட்டி. பதினோரு வருஷமாக ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் "இத்தனை குடும்பங்களிடம் தகவல் திரட்டப்பட்டது" என்று ஒரு வரி வரும், அந்தத் திரட்டுகிற வேலைதான் என்னுடையது. உங்களிடம் நான் வேலை பார்த்ததில்லை. நான் பார்த்த திட்டங்கள் வேறு பல்கலைக்கழகங்களுடையவை, அவற்றின் பெயர் இங்கே தேவையில்லை. உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், சமூக அறிவியலுக்கென்றே 1895இல் தொடங்கிய இடம் உங்களுடையது, நீங்கள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தால் மற்றவர்களும் செய்வார்கள். இஎஸ்ஆர்சி விதியே போட்டுவிட்டால் செய்தே ஆக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் முந்திரி உடைக்கிற பெண்களைப் பற்றி ஒரு சர்வே. கேள்வித்தாள் 38 பக்கம், ஒரு வீட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு ஆயா திண்ணையில் உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொட்டையை உடைத்துக்கொண்டே பதில் சொன்னார். கூலி கிலோ கணக்கு, எனக்காகக் கையை நிறுத்தினால் நஷ்டம் அவருக்கு. ஒப்புதல் படிவத்தில் "தாங்கள் எந்நேரத்திலும் இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை உடையவர் ஆவீர்" என்று இருந்ததை, "பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம் ஆயா" என்று சொல்லிப் புரியவைத்தேன். கைநாட்டு வாங்க மை டப்பாவை நீட்டினால் கட்டைவிரலில் ரேகையே இல்லை, கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து வழவழவென்று கிடக்கிறது, மூன்று தடவை அழுத்தியும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. "ரேஷன் கடை மிஷின்லயும் இப்படித்தான் பாப்பா, நான் யாருன்னே அதுக்குத் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார்.

அதுக்கப்புறம் கேட்டேன். கடன் எவ்வளவு, என்ன வட்டி, போன மாதம் எத்தனை நாள் சாப்பாட்டைக் குறைத்தீர்கள், வீட்டுக்காரர் கைநீட்டுவாரா. சொந்த மகளிடமே சொல்லாததையெல்லாம் சொன்னார்.

போன வருஷம் சந்தையில் என்னைப் பார்த்துவிட்டார். "எங்க கதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனியே பாப்பா, அத என்னதான் பண்ணாங்க?" கட்டுரை அப்போது என் போனிலேயே இருந்தது. நானே அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்த ஆங்கிலம். "நல்லா எழுதியிருக்காங்க ஆயா" என்றேன். "கூலிய ஏத்தச் சொல்லி எழுதியிருக்கா?" என்று கேட்டார். அந்தக் கட்டுரையின் நாலாவது அட்டவணையில், பக்கத்து ஊரில் இதே வேலைக்குக் கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று இருக்கிறது. இவருக்குக் கிடைப்பதைவிட அது கூடுதல். அதைத் தெரிந்துகொண்டிருந்தால் முதலாளியிடம் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் கொடுத்த தகவலில் செய்த அட்டவணைதான், அவர் கைக்கு மட்டும் வரவில்லை.

உங்களிடம் நல்ல விதிகள் இருக்கின்றன. இஎஸ்ஆர்சி நிதியில் திரட்டிய தரவைத் திட்டம் முடிந்த மூன்று மாதத்துக்குள் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். இஎஸ்ஆர்சியும் அடங்கிய யுகேஆர்ஐ என்கிற பிரிட்டிஷ் ஆய்வு நிதி அமைப்பு, 2022 ஏப்ரலிலிருந்து தன் நிதியில் வரும் கட்டுரைகளை வெளியான அன்றே யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும் என்று சொன்னது, 2024 ஜனவரியிலிருந்து புத்தகங்களும் ஒரு வருஷத்துக்குள் அப்படி வந்துவிட வேண்டும் என்றது. பொதுப் பணத்தில் செய்த வேலை பொதுவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் வந்தவைதான் இவை. சரி, அந்தப் பொதுவில் ஆயா சேர்த்தியா இல்லையா? நான் கேட்கிற இன்னொரு விதி இதுதான்: எந்த மொழியில் கேள்வி கேட்டீர்களோ அந்த மொழியிலேயே கண்டதைத் திருப்பிச் சொல்லாமல் திட்டம் முடிந்ததாகக் கணக்கு முடிக்கக் கூடாது.

உங்கள் வேலையில் எனக்கு மரியாதை இருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். உங்கள் மானுடவியல் துறையில் அல்பா ஷா நடத்திய திட்டத்துக்கு இஎஸ்ஆர்சியும் ஐரோப்பிய ஆய்வு மன்றமும் பணம் கொடுத்தன. நாடு வளர்கிறது என்கிறார்களே, தலித்துகளும் பழங்குடிகளும் ஏன் இன்னும் அடியிலேயே கிடக்கிறார்கள் என்று பார்க்க ஆய்வாளர்கள் இந்தியாவில் ஐந்து இடங்களுக்குப் போய்த் தங்கினார்கள். அதில் ஒன்று எங்கள் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், இன்னொன்று கேரளாவில் பீர்மேடு தேயிலைத் தோட்டம், அங்கே கொழுந்து பறிப்பவர்களும் தமிழர்கள்தான். தோட்டத்தை ஆராய்ந்த ஜெயசீலன் ராஜ் அதே மாதிரி ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். தோட்ட நெருக்கடியைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை லண்டனின் யுசிஎல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2022இல் இலவசமாகவே இணையத்தில் போட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் எந்தப் போனிலும் அது திறக்கும், ஆனால் திறந்தால் ஆங்கிலம்தான் இருக்கும். இப்படிப்பட்ட வேலையின் சாரம் லயத்துக்குப் போய்ச் சேருவது, ஆய்வாளர் நல்ல மனசுக்காரராக அமைந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று விட்டுவிடக் கூடாது, அது பட்ஜெட்டிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும்.

படித்துக் காட்டினால் இவர்களுக்கு என்ன புரியும் என்று சிலர் கேட்பார்கள், என் முகத்துக்கு நேரே ஒருவர் கேட்டிருக்கிறார். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஆலைப் புகையின் நாற்றம் எந்த நேரத்தில் எப்படி வருகிறது என்று தாங்களே குறித்து வைத்தார்கள், 2004இல் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அதில் இருந்த நச்சு வாயுக்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களுக்குப் புரியாது என்று யார் சொல்வது?

திருப்பிச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதை எங்களிடம் கேளுங்கள். ஊர்க்கோயில் வாசலில் கூட்டம் போட்டால் காலனி ஆட்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அதனால் காலனியில் தனியாகப் போட வேண்டும், ராத்திரி ஏழு மணிக்கு மேல், உலை வைத்துவிட்டுப் பெண்கள் வந்து உட்காருகிற நேரத்தில். பெயரை மறைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் "இரண்டு ஏக்கர் வைத்திருக்கும், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர்" என்று படித்தாலே ஊருக்கே ஆள் யார் என்று தெரிந்துவிடும். எனவே எதைப் படிக்கலாம், எதை விட வேண்டும் என்று அந்த ஊரில் வேலை பார்த்த இன்வெஸ்டிகேட்டரிடம் ஒரு தடவை காட்டியாக வேண்டும். ஒப்புதல் படிவத்தை எழுதிய அந்தத் தமிழிலும் எழுதக் கூடாது. பேசுகிற மாதிரி பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். எங்களில் இரண்டு பேருக்கு இரண்டு மாதச் சம்பளம், அச்சுக் கூலி, பஸ் காசு. ஒரு பேராசிரியர் இரண்டு மாநாடுகளுக்கு விமானத்தில் போய் வருகிற செலவைவிட இது அதிகம் ஆகாது என்று நினைக்கிறேன்.

முக்கியமாக, அந்தப் பணம் முதலிலேயே ஒதுக்கி, தொட முடியாததாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில் உங்கள் அரசு வெளிநாட்டு உதவியை நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. 2021 மார்ச்சில், அந்த உதவிப் பணத்தில் நடத்த ஏற்கெனவே வாக்குக் கொடுத்த ஆய்வுத் திட்டங்களுக்கே 12 கோடி பவுண்டு பற்றாக்குறை என்று யுகேஆர்ஐ கடிதம் எழுதியது. பணம் குறைந்தால் எதை முதலில் வெட்டுவார்கள் என்று என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். கடைசியில் செய்யலாம் என்று தள்ளி வைத்ததைத்தான் வெட்டுவார்கள், ஊருக்குத் திரும்பிப் போவது எப்போதும் கடைசியில்தான் இருக்கும்.

பணம் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பது உங்கள் பள்ளிக்குப் புதிதில்லை. அம்பேத்கர் 1916இல் உங்களிடம் சேர்ந்தார், மறு வருஷமே பரோடா உதவித்தொகை முடிந்து படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார், 1920இல் சேமிப்பும் கடனுமாகப் பணம் திரட்டிக்கொண்டு திரும்ப வந்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். இன்றைக்கு நீங்கள் அவர் மக்களின் வாழ்க்கையைத்தான் ஆராய்கிறீர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். எங்கள் பழைய தென்னாற்காட்டு ஜில்லாவின் இருவேல்பட்டு அதில் ஒன்று. அதற்கப்புறமும் அந்த ஊரை வெவ்வேறு ஆய்வாளர்கள் வந்து வந்து கணக்கெடுத்திருக்கிறார்கள், 2008 வரைக்கும். நூறு வருஷமாக எங்கள் பக்கத்து ஜனங்கள் கேட்டவருக்கெல்லாம் பாய் விரித்து உட்காரவைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் விதி வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. ஆயா கேட்ட கட்டுரையை ஆறு பக்கத்துக்குத் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன், கணக்கெல்லாம் சரிபார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சரக்கு வராது, சும்மாதான் இருப்பார். அன்றைக்குப் போகிறேன். நாலாவது அட்டவணையைத்தான் முதலில் படிப்பேன்.

இப்படிக்கு,
பண்ருட்டியிலிருந்து ஒரு ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர்