வரி முதலில் புள்ளி எழுத்து வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் புளியரை, கேரள எல்லை. தினமும் காலையில் பேத்தியை நாளிதழை வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். நேற்று ஒரு செய்தியில் வரி முடிவில் 'கொ' என்றும், அடுத்த வரியில் 'ல்லம்' என்றும் அச்சாகியிருந்தது. பிள்ளை 'கொ' என்று நிறுத்தினாள். அப்புறம் 'ல்' என்று தொடங்க நாக்கு வராமல் திணறினாள்.

தமிழ் அசையில் ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, தனியே நிற்காது, முன்னெழுத்தோடுதான் ஒட்டும். கொல்-லம் என்றுதான் வாய் பிரிக்கிறது, செய்யுள் இலக்கணமான யாப்பும் அப்படித்தான் பிரிக்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பேருந்துத் தடத்திலேயே ஈரசைச் சீர், அதாவது இரண்டு அசை சேர்ந்த சீர், அதன் வாய்பாடு நான்கும் இருக்கின்றன: கொல்லம் தேமா, புனலூர் புளிமா, தென்மலை கூவிளம், புளியரை கருவிளம். பேத்திக்கு இவற்றைக் கைதட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். புனலூருக்கு இரண்டே தட்டு: புன-லூர். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளச் செய்யுளின் விருத்தக் கணக்கில் அதே பெயர் லகு, லகு, குரு, அதாவது குறுகிய அசை இரண்டு, நீண்ட அசை ஒன்று என்று மூன்றாகும். இரண்டு குறிலைச் சேர்த்து நிரை என்று ஓரசையாக்குவது நம் யாப்பு. எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்தி குறுகலாக இருப்பதால் சொல்லை உடைக்க வேண்டியிருக்கும், புரிகிறது. ஆனால் உடைக்கும்போது புள்ளி எழுத்தை மேல்வரியிலேயே விட்டுவிடுங்கள். 'புத்-தகம்' என்று பிரித்தால் கண்ணும் இடறாது, நாக்கும் இடறாது. பக்கம் வடிவமைக்கும் கணினியிலேயே இந்த விதியைப் பதிந்து வைக்க முடியும். தயவுசெய்து செய்யுங்கள்.

- ஒரு வாசகர், புளியரை, தென்காசி மாவட்டம்