பேங்க்ல கணக்கு தொடங்கவே தடை

ஆசிரியருக்கு வணக்கம். நியூஜெர்சில இருந்து எழுதுறேன். கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு பழைய அக்கவுண்ட்ல இருப்புக்கு மேல எடுத்தா போடுற ஓவர்டிராஃப்ட் ஃபீஸ் மேல ஃபீஸ் ஏறி மைனஸ்ல போயி பேங்க்காரங்களே மூடிட்டாங்க, இப்போ வேற எங்க போனாலும் கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டிப் பாத்துட்டு முடியாதுங்குறாங்க. நம்மூர்ல சிபில் ஸ்கோரைக் கடனுக்குத்தான் பாப்பாங்க, இங்க வெறும் கணக்கு தொடங்கவே செக்சிஸ்டம்ஸ்னு, இப்படி பழைய கணக்குல பிரச்சினை ஆனவங்க பேரைக் குறிச்சு வைக்கிற ஒரு பதிவேடு, அதுல ஏறுனா பொதுவா 5 வருஷம் நிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பளச் செக்கோட செக் கேஷிங் கடைக் கண்ணாடி முன்னாடி நிக்கிறாரு, கமிஷன் போகத்தான் நோட்டு கைக்கு வருது (இல்லாதவன்கிட்டயே புடுங்குற கதை). அந்தப் பதிவேட்டுல நம்மளப் பத்தி என்ன இருக்குங்குற ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா வாங்கலாம், தப்பிருந்தா திருத்தச் சொல்லலாம், சட்டத்துலயே இருக்கு, அவருக்கு கவுண்டர்ல யாரும் வாயத் தொறந்து சொல்லல.

ஒரு வாசகர், நியூஜெர்சி