உயிரியல் பூங்கா விலங்குகளுக்குத் தனித்தனி உணவு அட்டை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: உயிரியல் பூங்காக்கள் – விலங்குகளின் உணவு அளவுப் பட்டியலையும் தீவன ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளையும் திருத்தியமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கால்நடை பராமரிப்புத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஆடு மாடுகளோடு கழிந்தாலும், நிரந்தர மருத்துவர் இல்லாதிருந்த சிறிய உயிரியல் பூங்கா ஒன்றுக்கு வாரம் ஒருமுறை சென்று வரும் கூடுதல் பொறுப்பு சில காலம் எனக்கு இருந்தது. அங்கே கண்டதை வைத்தே இம்மனுவை எழுதுகிறேன். எவரையும் குற்றஞ்சாட்டுவது என் நோக்கம் அன்று என்பதால் அந்தப் பூங்காவின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அங்கே ஒரு சிறுத்தைக் குட்டி பின்னங்கால்களை இழுத்து நடந்தது. கீழே விழுந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எலும்புகள் நிழலைப்போல மெலிந்து, ஒரு தொடையெலும்பு தானாகவே முறிந்திருந்தது. குட்டி பட்டினி கிடக்கவில்லை. பட்டியலில் உள்ள அளவுக்குக் குறையாமல் நாள்தோறும் நல்ல மாட்டிறைச்சி தின்று வந்தது. ஆனால் அது முழுக்க எலும்பு நீக்கிய சதை. சதையில் கால்சியம் ஒரு பங்கு இருந்தால் பாஸ்பரஸ் பதினைந்து முதல் இருபது பங்கு இருக்கும்; வளரும் குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்கிறது. இரையைத் தோலும் எலும்பும் ஈரலுமாகத் தின்னும் காட்டுச் சிறுத்தைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எலும்பு ஏன் நீக்கப்பட்டது என்று விசாரித்தேன். ஒப்பந்ததாரர் எடையைக் கூட்ட எலும்பைச் சேர்த்து விடுகிறார் என்று எப்போதோ எழுந்த தணிக்கை ஆட்சேபணையின் பேரில், ‘எலும்பில்லா இறைச்சி’ என்று நிபந்தனை மாற்றப்பட்டிருந்தது. அரசுப் பணம் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த திருத்தம் அது. அதை எழுதியவர்மீது எனக்கு இன்றும் கோபமில்லை. எழுதும்போது பக்கத்தில் உணவியல் தெரிந்த ஒருவர் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

உயிரியல் பூங்கா அங்கீகார விதிகள், 2009, கலப்படமற்ற, சத்தான உணவை ‘ஒவ்வொரு விலங்கின் தேவைக்கேற்ப’ உரிய நேரத்தில் போதிய அளவு வழங்க வேண்டும் என்கின்றன. நான் பார்த்த பட்டியலில் இருந்ததோ இனத்தின் பெயரும் கிலோ கணக்கும் மட்டுமே. கிழட்டுப் பெண் புலிக்கும் வளரும் ஆண் புலிக்கும் ஒரே அளவு. கோடைக்கும் மார்கழிக்கும் ஒரே அளவு. போட்டது பதிவேட்டில் ஏறியது. தின்றது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது கூண்டைக் கழுவும் பணியாளர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பழம், ரொட்டி ஆகியவற்றிலும் இதே கதைதான். கருமந்தி இலை தின்னும் குரங்கு. மாட்டைப்போல அதன் வயிறும் பல அறைகள் கொண்டது. நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அதற்கு ரொட்டியும் வாழைப்பழமும் மிகுந்தால் வயிற்றில் அமிலம் பெருகி உப்புசம் காண்கிறது. நாம் தோட்டத்தில் விளைவிக்கும் பழங்கள் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை மிகுந்தவை, நார் குறைந்தவை. இங்கிலாந்தின் பெயின்டன் உயிரியல் பூங்கா 2014ஆம் ஆண்டு தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதையே விட்டுவிட்டது. மலை மைனா, இருவாச்சி போன்ற பழந்தின்னிப் பறவைகளுக்கு ஈரலில் இரும்புச்சத்து தேங்கி உயிரையே பறிக்கும் நோய் உண்டு. சத்துக்காக என்று நாம் வெட்டி வைக்கும் ஆரஞ்சுச் சுளையில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பு உடலில் சேர்வதை இன்னும் கூட்டுகிறது.

கோழி இறைச்சி பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு தாய்லாந்தில் பறவைக் காய்ச்சல் கண்ட பச்சைக் கோழி இறைச்சியைத் தின்ற புலிகள் பெருமளவில் மடிந்தன. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்து, அதே நோய் உறுதி செய்யப்பட்டது. எனவே கோழி எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்பதும் ஒப்பந்த நிபந்தனையில் இடம்பெற்றாக வேண்டும்.

ஆகவே நான் முதன்மையாகக் கோருவது, மாநிலத்தின் உயிரியல் பூங்காக்களில் ஒவ்வொரு விலங்குக்கும் தனி உணவு அட்டை ஒன்று வழங்கப்பட்டு, அதில் வயது, எடை, உடல்நிலை, சினை அல்லது பாலூட்டும் நிலை, அன்றாடம் வைத்த அளவு, எடைபோட்ட மிச்சம் ஆகியவை பதியப்பட வேண்டும் என்பதே. கூட்டமாக வாழும் மான்களுக்கு இது இயலாது என்பதை அறிவேன். அவற்றுக்குப் பட்டிவாரியான அட்டை போதும். இந்த அட்டைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கவும், ஒப்பந்தப்புள்ளி கோருமுன் நிபந்தனைகளைச் சரிபார்க்கவும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உணவியல் வல்லுநர் ஒருவரை எல்லாப் பூங்காக்களுக்கும் பொதுவாக நியமிக்க வேண்டுகிறேன். ஊனுண்ணிகளுக்கு எலும்போடு கூடிய இறைச்சியின் விகிதமும், அது இயலாத நாளில் சேர்க்க வேண்டிய கால்சியத்தின் அளவும் நிபந்தனையிலேயே எழுதப்பட்டால் தணிக்கைக்கும் இடமிராது, குட்டிக்கும் கேடு வராது. இலையுண்ணிகளுக்கு அகத்தி, ஆல், அரசு, அத்தித் தழைகளைப் பூங்கா வளாகத்திலேயே வளர்க்க ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

பார்வையாளர்கள் விலங்குகளுக்கு உணவளிப்பதை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு தடை செய்கிறது. பலகையில் ‘உணவளிக்காதீர்’ என்ற கட்டளையோடு, ஒரு பிஸ்கட் பொட்டலம் கருமந்தியின் வயிற்றை என்ன செய்யும் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதினால் மக்கள் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

மாதிரி உணவு அட்டை ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். ஏதேனும் ஒரு சிறிய பூங்காவில் ஆறு மாதம் இதை நடைமுறைப்படுத்திப் பார்க்கத் தாங்கள் ஆணையிட்டால், ஊதியம் ஏதுமின்றி உடனிருந்து உதவ ஆயத்தமாக உள்ளேன். இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மாதிரி உணவு அட்டை – 1