26-வது எபிசோடு

சத்துவாச்சாரி, வேலூர்
பங்குனி மாதம்

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் பாதியில் நின்ற பேச்சை எழுதித்தான் முடிக்கணும் என்று காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். நீ வேகமாகப் பேசுகிறாய். நான் ஒன்றை யோசித்துச் சொல்வதற்குள் நாலு தொடர் தாண்டிப் போய்விடுகிறாய். 38 வருஷம் தபால் இலாகாவில் இருந்தவனுக்குக் காகிதம்தான் தோது.

நாம் பார்க்கிற ஜப்பான் பொம்மைப் படத் தொடர்களைப் பற்றி நீ சொன்னது இது: "ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் 2003-ல வந்தது வேஸ்டுப்பா. பிரதர்ஹுட் மட்டும் பாருங்க, போதும்." நான் இரண்டையும் பார்த்து முடித்துவிட்டேன். முதலில் அந்த 51 எபிசோடு, அப்புறம் அதே கதையை மறுபடி எடுத்த பிரதர்ஹுட் 64. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்ததால் நாலு மாதம் பிடித்தது. நீ சொல்வதில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இதெல்லாம் எனக்கு எப்படிப் பழகியது என்று நீ கேட்கவே இல்லை. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் என்ற ஜப்பான் படம் தமிழில் பேசி வந்தது அல்லவா, மேல்வீட்டுத் தம்பிக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று என்னை அழைத்துப் போனான். தியேட்டர் முழுக்கப் பையன்கள், விசில். அதில் அகாசா என்று ஓர் அரக்கன் வருகிறானே, சண்டை உச்சத்தில் இருக்கும்போது படம் அப்படியே நின்று, அவன் மனிதனாக இருந்த காலத்துக்குப் போகிறது. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடின பையன். பிள்ளை தனக்காகத் திருடுகிறான் என்று அந்த அப்பா தூக்குப் போட்டுக்கொள்கிறார். வெளியே வந்ததும் தம்பி, "ஃப்ளாஷ்பேக்கை இழுத்துட்டாங்க தாத்தா" என்றான். எனக்கு அந்த இழுவைதான் படம். சாகப்போகிறவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் அவன் சாவை எப்படிப் பார்ப்பது?

ஆரணிப் பக்கம் பிறந்தவன் நான், அந்தப் பழக்கம்தான். நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. கர்ண மோட்சம் அன்று கர்ணன் போருக்குப் போகவே விடிகாலை ஆகிவிடும். அதற்கு முன்னால் அவன் மனைவி பொன்னுருவி அவனை மறிப்பாள். ஒரு பாட்டு, ஒரு வசனம், மறுபடி பாட்டு. போகாதே என்பாள், உன் பிறப்பு என்ன என்பாள், போனால் வரமாட்டாய் என்பாள். முகவீணை அவள் குரலோடு சேர்ந்து அழும். சின்ன வயசில் எனக்கு அது பெரிய சலிப்பு, சண்டை எப்போ வரும் என்று பாட்டி மடியில் தூங்கிப்போவேன். 15 வயசில் ஒரு தடவை தூங்காமல் பார்த்தேன். விடியற்காலை கர்ணன் விழுந்தபோது எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள், எனக்கும் தொண்டை அடைத்தது. பொன்னுருவியோடு அவன் நின்ற அந்த மூன்று மணி நேரத்தைப் பார்த்ததால்தான் அப்படி.

இப்போது ஹியூஸுக்கு வருகிறேன்.

2010 ஜூன், நீ பத்தாவது போன மாதம். நான் ஆபீஸ் விட்டு வந்தபோது நீ டிவி முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். "என்ன ஆச்சு?" என்றேன். "ஹியூஸ் செத்துட்டாருப்பா" என்றாய். உன் அம்மா, "யாரு, கோடி வீட்டுக்காரரா?" என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். பொம்மைப் படத்துக்கு அழுகிறாய் என்று தெரிந்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. மறுநாளே கேபிள்காரரை வரச்சொல்லி ஒயரைக் கழற்றிவிட்டேன். அந்தக் கறுப்பு ஒயர் டிவிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு வருஷம் தொங்கியது, முனையில் செம்புக் கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. 467 மார்க் எடுத்தாய். அந்த மார்க்கை வைத்து, செய்தது சரிதான் என்று நானும் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

ஹியூஸ் யார் என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கணும்.

கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். ராணுவ அதிகாரி, எதிரே வருகிறவர் எல்லாரிடமும் மகள் போட்டோவை நீட்டுவார், ஆபீஸ் போனில் அவசர வேலைக்கு நடுவே பிள்ளை பெருமை பேசுவார். என் காக்கிச் சட்டைப் பையில் மணியார்டர் ஃபாரத்தோடு உன் எல்கேஜி போட்டோ இருந்தது உனக்குத் தெரியாது. பென்ஷன் பணம் கொடுக்கப் போகிற வீட்டில் எல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். மூலை மடங்கி, வியர்வையில் உன் முகத்தில் பாதி வெளுத்துப்போனது. அதனால் அந்த டெலிபோன் கூண்டில், கொல்ல வந்தவன் உருமாறி ஹியூஸின் மனைவி முகத்தைப் போட்டுக்கொண்டு எதிரே நிற்க, அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எறிய முடியாமல் நிற்கிறாரே, அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அடக்கத்தில் அந்தக் குழந்தை, அப்பாவை ஏன் மண்ணில் புதைக்கிறீர்கள், அவருக்கு நிறைய வேலை இருக்கிறதே என்று கேட்பதை மறுநாள்தான் பார்த்தேன்.

இதை நீ பிரதர்ஹுட்டிலும் பார்த்திருக்கிறாய். அங்கே அவர் 10-வது எபிசோடிலேயே போய்விடுகிறார். 2003-ல் 25-வது வரை இருக்கிறார். அந்தக் குழந்தை பிறக்கும் நாளில் கதாநாயகர்களான அண்ணன் தம்பி எட்வர்டும் அல்ஃபோன்ஸும் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். முதல் தொடரில்தான் எல்லாரும் பார்த்துவிட்டார்களே என்று பிரதர்ஹுட்காரர்கள் ஆரம்பத்தை ஓட்டிவிட்டார்கள். பொன்னுருவி இல்லாத கர்ண மோட்சம் அது. இந்த ஓர் இடத்தில் நான் உனக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மற்றபடி பிரதர்ஹுட் பெரிய வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். கதை 2001-லிருந்து மாதப் பத்திரிகையில் சித்திரக்கதையாக வந்துகொண்டிருந்ததாம். 2003-ல் படமாக்கும்போது முடிவு கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லாததால் தங்கள் வழியில் முடித்தார்கள். 2009-ல் அதே கம்பெனி மறுபடி முதலிலிருந்து எடுத்தது. 2010 ஜூனில் கதை முடிய, ஜூலையில் படமும் முடிந்தது. போகும் இடம் தெரிந்து நடக்கிறவன் நடை அதில் இருக்கிறது. முதலில் வந்துபோன சின்ன ஆள்கூடக் கடைசிப் போரில் தன் பங்குக்கு வந்து நிற்கிறான். அப்பன்காரன் ஹோஹன்ஹைம் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் தெரியவரும் இடம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இதற்கு ஈடாக 2003-ன் பின்பாதியில் ஒன்றும் இல்லை. அங்கே வில்லி செய்கிற அத்தனை காரியத்துக்கும் சொல்கிற காரணம் ஒல்லியாக இருக்கிறது.

எழுதினவர் அராகவா ஹொக்கைடோவில் பால்மாடு வளர்த்த வீட்டுப் பெண் என்று தம்பி சொன்னான். ஒன்று வேண்டுமென்றால் அதற்குச் சமமான ஒன்றைக் கொடுக்கணும் என்று கதை முழுக்கச் சொல்கிறாரே, அது ஏட்டில் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் உன் தாத்தா கன்றை விற்றுவிட்டு என் ஹாஸ்டல் பணத்தோடு வந்த ராத்திரி, தாய்ப்பசு விடிய விடியக் கத்தியது. அந்த மாதிரி ராத்திரிகளைக் கேட்டு வளர்ந்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும். உன் அம்மா இந்தத் தத்துவம் எதற்குள்ளும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அந்தக் கவசத்துக்குள்ள தூக்கம் இல்ல, ஒரு வாய் சோறு இல்ல, எப்படித்தான் இருக்குமோ அந்தப் பிள்ள" என்று, உடம்பு போய் உயிர் மட்டும் இரும்புக் கவசத்தில் இருக்கிற அல்ஃபோன்ஸுக்காக மட்டும் அழுதாள்.

நரூட்டோ விஷயத்தில் உனக்கு இவ்வளவு கோபம் வேண்டாம். அதன் முதல் தொடரின் 220 எபிசோடில் கடைசி 80 சொச்சம் மூலக்கதையில் இல்லாதவை என்றாய். வாராவாரம் படம் போட்டாகணும், வாரத்துக்கு ஓர் அத்தியாயம்தான் கதை வருகிறது, படமோ ஒரு தடவைக்கு இரண்டு மூன்றை விழுங்குகிறது. என்ன செய்வார்கள்? உள்ளே துரியோதனனுக்கு அரிதாரம் காயவில்லை என்றால் கட்டியங்காரன் வெளியே நின்று பேசிக்கொண்டுதான் இருக்கணும். நல்ல கட்டியங்காரனாக இருந்தால் அந்த அரை மணி நேரமும் பொழுது போகும். நரூட்டோவுக்கு வாய்த்தவர் சுமார்தான், அவ்வளவே.

ஆனால் பிராமிஸ்டு நெவர்லேண்டில் நான் முழுக்க உன் பக்கம். 2019-ல் வந்த அந்த முதல் 12 எபிசோடு மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. அநாதைப் பிள்ளைகளுக்கு ஆசையாய்ச் சோறு போடுகிற மம்மா, அந்தப் பிள்ளைகளையே அரக்கர்களுக்குத் தீனியாய் வளர்க்கிறாள். கத்தி, ரத்தம் எல்லாம் கொஞ்சம்தான். அவள் புன்னகையும், மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தமும் போதும், வயிற்றைப் பிசையும். எம்மா சுவரைத் தாண்டும்போது நான் கட்டிலில் எழுந்து நின்றுவிட்டேன். 2021-ல் வந்த இரண்டாவது? புத்தகத்தில் பெரிசாக வரும் கோல்டி பாண்ட் வேட்டைப் பகுதியையே தூக்கிவிட்டார்கள். 11 எபிசோடுக்குள் மீதியை அடக்கி, முடிவை அசையாத படங்களாக ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு வருஷம் பக்கத்து ஊரில் இப்படித்தான் நடந்தது. பணத் தகராறில் கூத்துக்காரர்கள் நாலு ராத்திரியை விட்டுவிட, அபிமன்யு சண்டையே இல்லாமல் நேராகப் படுகளம். மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் அத்தனை பெரிசாகப் படுத்திருக்கிறான், திரௌபதி கூந்தல் முடிக்கிறாள், ஜனம் சும்மா நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது. ஒரு கிழவி மட்டும் கோயில் தர்மகர்த்தாவிடம் போய், "எம்புள்ளையக் காட்டாம எப்படிடா படுகளம் போட்டீங்க?" என்று கேட்டாள். அபிமன்யுவைத்தான் சொன்னாள். நீ அன்றைக்கு அந்த இரண்டாவது தொடரைப் பற்றிக் கத்தினபோது எனக்கு அவள் குரல்தான் கேட்டது.

இனி நேற்றைய விஷயம். 2003-ஐ வேஸ்ட் என்றாயே, கடைசி வரை பார்த்தாயா என்று கேட்டேன். "இல்லப்பா, பாதிதான். ஹாஸ்டல்ல எல்லாரும் பிரதர்ஹுட் பாருன்னாங்க, அதைப் பார்த்துட்டேன்" என்றாய். எத்தனையாவதில் விட்டாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, போனை வைத்துவிட்டேன். ஹியூஸ் செத்தது 25. மறுநாள் காலையில்தான் நான் கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

15 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நீ மறந்தும் இருக்கலாம். எனக்கு நேற்று ராத்திரிதான் அது உறைத்தது. தப்பு என்னுடையது, பாப்பா. படிப்பைச் சொல்லி நியாயம் பேச வரவில்லை. அழுகிற பிள்ளையிடம் யார் செத்தது என்றுகூடக் கேட்காமல் ஒயரைப் பிடுங்கினேன்.

26-லிருந்து என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பிரதர்ஹுட்டில் எதிரிகளாக வரும் அந்த ஏழு செயற்கை மனிதர்கள் இங்கே வேறு விதமாகப் பிறக்கிறார்கள். செத்தவரை எழுப்பப் போய்த் தோற்ற ஒவ்வொருவரின் தோல்வியும் ஓர் ஆளாக எழுந்து நடமாடி, செய்தவன் எதிரிலேயே வந்து நிற்கிறது. பின்பாதியில் எத்தனை ஓட்டை இருந்தாலும் இதற்காக நான் அதைத் தூக்கி எறியமாட்டேன். முழுக்கப் பார்த்துவிட்டு நீ மோசம் என்று சொன்னால் சரி, அப்போது உட்கார்ந்து வாதம் பண்ணுவோம்.

சித்திரைக் கடைசியில் ஊரில் பாரதம் வைக்கிறார்கள். கர்ண மோட்சம் அன்றைக்காவது வரப்பார். கூத்துக்கு ராத்திரி போவோம், பகலெல்லாம் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது, வீட்டில்தான் கிடக்கணும். தம்பியிடம் டேப்லெட்டை நாலு நாளைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். அம்மா இலவம்பாடிக் கத்திரிக்காய்க்குச் சொல்லிவிட்டாள். ஹைதராபாத்திலிருந்து டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும், லீவு எத்தனை நாள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. 26-ஐ நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், பரவாயில்லை, உன்னோடு இன்னொரு தடவை பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா