உணவு வங்கி சனிக்கிழமை ஷிஃப்ட், இன்னும் நாலு பேர் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். "நான் வந்து என்ன கிழிக்கப் போறேன்"னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இந்த மெசேஜ். பொருள் நிறைய வருதுங்க, பிரிக்கத்தான் ஆளில்ல, ஒவ்வொரு டப்பாவா தேதி பார்த்து சீக்கிரம் முடியுறதை முன்னாடி, புதுசை பின்னாடி அடுக்கணும், உப்பிப்போன டின் கண்ணுல பட்டா யோசிக்காம ஒதுக்கிடணும், இதை ஒரு வாரம் விட்டா நல்ல பொருளும் ஸ்டோர்லயே வீணாப்போகும். 1967ல அமெரிக்காவுல ஜான் வான் ஹெங்கல்ங்கறவர் முதல் உணவு வங்கியை ஆரம்பிச்சப்பவும் இதே கதைதான், கடைங்க தூக்கிப் போடப்போற நல்ல பொருளை வாங்கி வச்சு தேவைப்படறவங்களுக்குக் கொடுத்தார்.

போன மாசம் ஒரு அக்கா பை வாங்கறப்போ நம்ம முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல, மெதுவா "அடுத்த வாரம் நானும் வந்து அடுக்கட்டுமா"ன்னு கேட்டாங்க. இப்போ தேதி பார்க்கறதுல எங்க எல்லாரையும் விட அவங்கதான் ஸ்பீடு (என் மானம் போச்சு).

ரெண்டு மணி நேரம் போதும். வரிசையில நிக்கிறவங்களை தயவுசெஞ்சு போட்டோ எடுக்காதீங்க, ஸ்டேட்டஸ் போட அது இடமில்ல. வர்றவங்க இங்கயே பேர் போடுங்க, பெட்டி கால்ல விழும், செருப்பு வேணாம் ஷூ போட்டுட்டு வாங்க.