கலர் கேட்பதற்கு முன்னால் ஒரு துண்டை வெயிலில் காட்டுங்கள்

சென்னையில் பைக் கஸ்டம் வேலை செய்யும் பட்டறைக்காரர்களுக்கு,

வணக்கம். ஜிபி ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள், புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்து மறுபடி கட்டுபவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் பவுடர் கோட்டிங் அடிப்பவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹைலைட் கலர், அதாவது வண்டியில் அங்கங்கே தனியாகத் தெரிய அடிக்கும் நிறம், அந்த விஷயத்தில் மட்டும் ஒரு கோரிக்கை இருக்கிறது.

என் அப்பாவின் புல்லட் 350, கறுப்பு. டேங்கில் பொன்னிறக் கோடு. ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலையில் அந்தக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டவில்லை, தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். அண்ணன் தம்பி இருவர் தலைமுறைத் தொழிலாக அதைச் செய்வதை உங்களில் பல பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், ஒரே மூச்சில் டேங்கின் வளைவோடு கை போகும். போன வருஷம் இந்த வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். கறுப்பு அப்படியே இருக்கட்டும், ரிம், பிரேக்-கிளட்ச் லீவர், செயின் மூன்றும் கோல்டு, டேங்க் கோட்டோடு சேர்ந்துபோக வேண்டும் என்றேன். "கோல்டுதானே சார், செஞ்சுடலாம்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டியை எடுத்தது ராத்திரி ஏழரை மணிக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படியே நகைக்கடை மாதிரி இருந்தது, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மறுநாள் காலை காமராஜர் சாலையில் சூரியன் ஏறிய பிறகு நிறுத்திப் பார்த்தால் வண்டியில் நாலு கோல்டு. ரிம் செம்பு மாதிரி சிவந்திருக்கிறது, லீவர் பித்தளை மாதிரி லேசாகப் பச்சையடிக்கிறது, செயின் எலுமிச்சை மஞ்சள், டேங்க் கோடு மட்டும் பழைய தங்கம். இத்தனை வருஷம் அந்த வண்டியின் அழகே அந்தக் கோடுதான். இப்போது அது அழுக்குப் பட்ட மாதிரி தெரிந்தது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. ரிம்மை ஸ்போக் அவிழ்த்து, குரோமை உரித்து, பவுடர் தெளித்து 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைத்திருக்கிறார்கள். அதுதான் பவுடர் கோட்டிங், உலோகத்தை முழுக்க மூடும் ஒரு போர்வை. லீவர் அலுமினியம், அதை அனோடைஸ் செய்திருக்கிறார்கள், அதாவது அமிலத் தொட்டியில் மின்சாரம் விட்டு மேலே நுண்துளை உள்ள ஒரு படலத்தை வளர்த்து அந்தத் துளைகளில் சாயத்தை ஊறவைப்பது, அதனால் சாயத்துக்கு அடியிலிருந்து அலுமினியத்தின் வெள்ளை மினுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். செயின் தகட்டுக்கு அந்தக் கம்பெனியின் பூச்சு. டேங்கில் இருப்பது பெயின்ட். நாலு இடத்தில், நாலு பேர் கையில், நாலு வழியில் செய்ததற்கு "கோல்டு" என்று ஒரே பெயர். அதுவும் விளக்குக்கு விளக்கு மாறும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் வெயிலில் பிரிந்து நிற்கும். ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வரை கொண்டுபோய்ப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். பைக் பட்டறையில்தான் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அதனால் என் கோரிக்கை இதுதான். கலர் பேசும்போது அதே உலோகத்தில், அதே முறையில் செய்த ஒரு சின்னத் துண்டைக் கையில் கொடுங்கள். பத்து மணி வெயிலில் வண்டிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பவுடர் என்றால் ரால் நம்பரைப் பில்லில் எழுதுங்கள். ஜெர்மனியில் 1927-ல் 40 நிறங்களோடு தொடங்கிய அட்டவணை அது, இன்றைக்கு 200-க்கும் மேல் இருக்கிறது. 9005 என்றால் அடர் கறுப்பு, 2004 என்றால் ஆரஞ்சு, எந்த ஊர்க்காரருக்கும் புரியும். ஆனால் கோல்டு, வெண்கலம் மாதிரி மினுக்கு கலந்த பவுடருக்கு நம்பரை நம்பி உட்காராதீர்கள், கம்பெனி மாறினால் மினுக்கும் மாறுகிறது, அதற்குத் துண்டு பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், வேண்டாம் என்று சொல்லுங்கள். வருகிற பையன் ரிம், ஸ்பிரிங், லீவர், மிரர், கிராஷ் கார்டு எல்லாவற்றையும் சிவப்பாக்கக் கேட்பான், நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நீங்கள் நூறு வண்டி பார்த்தவர்கள். 1974-ல் வந்த டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் படத்தை ஒருமுறை காட்டுங்கள். மேலே வெள்ளி, ஃபிரேம் மட்டும் நீலம் கலந்த பச்சை, அவ்வளவுதான், ஐம்பது வருஷம் கழித்தும் கண் அங்கேயே போய் நிற்கிறது. அந்த டேங்கின் பக்கவாட்டில் பெயின்ட் அடிக்காமல் விட்ட ஒரு பட்டை உண்டு, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அதன் வழியாகப் பார்க்கலாம். நான் பார்த்ததிலேயே அருமையான ஹைலைட் அதுதான், நிறமே இல்லாமல்!

சிவப்பு அனோடைஸ் கேட்பவரிடம் நம் ஊர் வெயிலில் அது நாளடைவில் ரோஸாக வெளுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கறுப்புதான் அதிகம் தாங்கும். பிரேக் டிஸ்க்கில் பேட் உரசும் இடத்திலும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் சீல் வழியாக ஏறி இறங்கும் பகுதியிலும் எவ்வளவு கெஞ்சினாலும் பெயின்ட் அடிக்கக்கூடாது. காற்றில் குளிரும் என்ஜினில் வரிவரியாக இருக்கும் ஃபின் தகடுகளுக்குத் தடிமனான பூச்சு வேண்டாம், சூடு வெளியேற வேண்டிய இடம் அது. ஆலிவ் கிரீன் கேட்டு வருபவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், புல்லட் என்றாலே பட்டாள ஞாபகம் வந்துவிடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மாட்டினால் உங்கள் பாடு என்று விடுவது சரியில்லை. டேங்க் நிறத்தையே மாற்றுகிறவர்களுக்கு ஆர்சியில் என்ன நிறம் எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். ரிம்மை மறுபடி கழற்றி 9005 அடிக்கப் போகிறேன், லீவரும் கறுப்பு, செயின் சாதாரண ஸ்டீல். பொன்னிறம் டேங்க் கோட்டில் மட்டும் இருக்கும், அப்பா ஓட்டிய நாளில் இருந்த மாதிரி. ஒருவேளை எதிர்ப்பக்கம் எங்கேயாவது இன்னொரு சின்னக் கோடு, சைடு பாக்ஸ் மூடியில், அதே தங்கத்தில், கையால் இழுத்தது. கோடு போடத் தெரிந்த பெயின்டர் உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். டேங்கோடு வருகிறேன். பழைய மூடி ஒன்றில் முதலில் போட்டுக் காட்டுங்கள், இரண்டையும் வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கறுப்பு புல்லட்டின் சொந்தக்காரன்